பெயர் தாங்கிய நூலும் பேசாத நாவும்

ஒரு நூலின் அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. நூலைத் திறந்து படித்து முடித்து மூடிய பின்பும் அப்பெண் நம்மிடம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறார். இது நூலாசிரியரின் குறையா, அல்லது அகதியாய், அயலாய் வந்த பெண்களின் கதையை எழுத முற்படும் அனைவரின் குறையா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்புவது.

நூல், ‘ஃபோரி அத்தைக்குக் கடிதங்கள்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்கது. ஆசிரியர் மார்ட்டின் கில்பர்ட்; 1936இல் பிறந்து 2015இல் மறைந்த ஆங்கில வரலாற்றாசிரியர்; சர்ச்சிலின் வாழ்க்கை வரலாற்றை அதிகாரபூர்வமாக எழுதியவர். நூல் வெளிவந்த ஆண்டு 2002. ‘ஃபோரி அத்தை’ யாரெனில், ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் 1908 டிசம்பர் 5ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, நேரு குடும்பத்தில் மருமகளாகப் புகுந்து, 2017 ஏப்ரல் 25ஆம் நாள் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தம் 108ஆம் வயதில் கண் மூடிய ஷோபா மக்டோல்னா நேரு அம்மையார்.

“முஸ்லிம் குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் யூத வரலாற்று நூலுக்கு என்ன வேலை?” என்று சில வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. விடையை நூலின் வரலாற்றுக்குப் பின் சொல்கிறேன், சற்றுப் பொறுத்தருள்க.

நூல் பிறந்த கதை

கில்பர்ட் ஆக்ஸ்போர்டில் பயின்ற காலத்தில் அம்மையாரின் மகன் அவருக்கு நண்பர். 1958இல் இந்தியாவுக்கு வந்த அந்த இளைஞர் நோயுற்றார். டில்லியில் நண்பரின் தாயார் அவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணி நலமாக்கி அனுப்பினார். அன்று முதல் அவர் ‘அத்தை’யானார். சேலை உடுத்திய, இந்தியக் குடும்பத்துத் தலைவியாகவே அவரைக் கில்பர்ட் கண்டார். நாற்பதாண்டுகள் கழிந்தன. 1998இல் அம்மையாரின் தொண்ணூறாம் வயதை ஒட்டி மீண்டும் கண்டபோதுதான், தாம் பிறப்பால் யூதர் என்பதையும், தம் முன்னோரின் வரலாறு தமக்குத் தெரியாது என்பதையும் அம்மையார் வெளியிட்டு, படிப்பதற்கு ஒரு நூல் சொல்லுமாறு கேட்டார். கில்பர்ட் நூல் எதையும் சொல்லவில்லை. தாமே கடிதம் கடிதமாக எழுதத் தொடங்கினார். வேதகாலம், வரலாற்றுக் காலம், இருபதாம் நூற்றாண்டு, வழிபாடும் சடங்குகளும் என நான்கு பகுதிகளாக அக்கடிதங்கள் விரிந்தன.

கடித இலக்கியம் நமக்குப் புதிதன்று. டாக்டர் மு. வரதராசனார் தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் எழுதிய கடிதங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. சிறையிலிருந்து ஜவஹர்லால் நேரு தம் மகளுக்கு உலக வரலாற்றையே கடிதங்களாக எழுதினார். அதே நேரு குடும்பத்தின் மருமகளுக்கு இன்னொருவர் இன்னொரு மக்களின் வரலாற்றைக் கடிதங்களாக எழுதியது ஒரு வியப்பான ஒற்றுமை. ஆனால் வேற்றுமையும் உண்டு. அங்கே கடிதம் பெற்றவள் உலகம் அறியாச் சிறுமி. இங்கே கடிதம் பெற்றவரோ, எழுதியவர் ஏடுகளில் தேடிய இருபதாம் நூற்றாண்டை வாழ்ந்தே கடந்த மூதாட்டி.

அம்மையாரின் வாழ்வு

1920ஆம் ஆண்டில் ஹங்கேரி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிய சட்டம் அது. பிறந்த நாட்டில் கல்விக் கதவு ஒடுங்கிய நிலையில் அம்மையார் லண்டன் சென்று பயின்றார். அங்கேதான் பி.கே. நேருவைச் சந்தித்தார். அவர் ஜவஹர்லால் நேருவின் ஒன்றுவிட்ட சகோதரர் பிரிஜ்லால் நேருவின் மகன், ஐ.சி.எஸ். தேர்வு பெற்றவர், பின்னாளில் அமெரிக்காவில் இந்தியத் தூதராகவும் அஸ்ஸாம், காஷ்மீர் முதலிய மாநிலங்களின் ஆளுநராகவும் விளங்கியவர். திருமணம் 1935இல் நிகழ்ந்தது.

கணவன் வீட்டில் அவருக்கு வாய்த்த மாமியார் ராமேஸ்வரி நேரு, பெண்கள் முன்னேற்றத்துக்காக ஏடு நடத்தியவர். பிரிவினைக்குப் பின் அகதிப் பெண்களின் மறுவாழ்வுப் பணியை முன்னின்று நடத்தியவர். மருமகளும் அதே பணியில் இறங்கினார். வீடிழந்து வந்த பெண்களின் கைவேலைப்பாடுகளை விற்றுக்கொடுக்கக் கடை ஏற்படுத்துவதில் பங்கு கொண்டார். இன்று டில்லியில் புகழ்பெற்று விளங்கும் குடிசைத் தொழில் அங்காடியின் தொடக்க கால வளர்ச்சியிலும் அவருக்குப் பங்குண்டு.

அந்த 1947இல், பாகிஸ்தானுக்குப் புறப்பட்ட முஸ்லிம்களை ரயிலேற்றி அனுப்பும் பணியிலும் அவர் இருந்தார். அவர் வழியனுப்பிய வண்டி ஒன்றில் சென்றவர்கள் வழியிலேயே கொல்லப்பட்ட செய்தி பின்னர் அவரை வந்தடைந்தது.

இரண்டாண்டு கழித்து, 1949இல், அவர் புடாபெஸ்டுக்குப் போனார். 1944இல் மே மாதம் தொடங்கி ஏறத்தாழ இரண்டே மாதங்களில் ஹங்கேரியிலிருந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் ரயில்களில் அடைத்து அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலைக்களம். எஞ்சியிருந்த தோழியரின் வாயால் அம்மையார் இவற்றையெல்லாம் கேட்டார். டில்லி நிலையத்தில் நின்று ரயிலேற்றி அனுப்பிய அதே பெண்மணி, தம் ஊரிலிருந்து புறப்பட்ட ரயில்களைப் பற்றிக் கேட்டு நின்ற அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் பின் ஐம்பதாண்டுகள் அவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசினாரில்லை. மகனின் நண்பரிடம்கூடச் சொல்லவில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதும், “அது யூதருடையது” என்று சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்னும் கருத்தில் வினவினார்கள் என்பதும் ஹதீஸ் கற்ற எவரும் அறிந்தவை. நம் மக்களை ரயிலேற்றிக் காக்க முயன்ற ஒரு பெண்ணின் வாழ்வுக்கு நாம் எழுந்து நிற்கக் கூச வேண்டியதில்லை. அவர் பிறந்த சமுதாயத்தின் பெயரால் 1948இல் எழுந்த அரசினால் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீன மக்கள் வீடிழந்தனர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. யூத மக்களின் வரலாற்றைத் தன் பொருளாகக் கொண்ட நூலில் பலஸ்தீனத் தாயின் கதை நடுநாயகமாக இராது. அதற்கு வேறு நூல்களை நாம் தேடிப் படித்தே தீர வேண்டும். ஆனால் ஒரு துயரைச் சொல்வது மற்றொரு துயரை மறுப்பதாகாது. நீதி செலுத்துவதில் பகை குறுக்கே வரலாகாதென்பது நாம் ஓதும் வேதத்தின் போதனை.

ஸனதும் மத்னும்

இனித் திறனாய்வுக்கு வருவோம். மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் கேட்டவர்களுக்கு இரண்டு சொற்கள் பழக்கம்: ‘ஸனது’ என்பது செய்தி வந்த வழி, யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடர். ‘மத்ன்’ என்பது செய்தியின் உள்ளடக்கம். செய்தி எத்துணை அழகாயினும் வழி எதுவென்று கேட்காமல் நம் முன்னோர் அதை ஏற்றதில்லை. இவ்வளவுகோலை வாழ்க்கை வரலாறுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கில்பர்ட்டின் நூலில் மத்ன் விரிவானது, தெளிவானது. மூவாயிரம் நாலாயிரம் ஆண்டுச் செய்திகளை, மதம் பற்றி ஏதுமறியாதவருக்கும் விளங்குமாறு, கலைச்சொல் நெரிசலின்றி எழுதியிருக்கிறார். அத்தையின் மீதுள்ள அன்பு அவர் நடையை இளக்கியிருக்கிறது. பெரும் ஆய்வாளர்கள் எளிமையாக எழுத அஞ்சுவர்; இவர் அஞ்சவில்லை. இது நூலின் முதற்சிறப்பு.

ஆனால் ஸனது எத்திசையில் ஓடுகிறது? தொண்ணூறாண்டு வாழ்வைத் தன்னுள் வைத்திருப்பவர் அத்தை. எழுதுபவரோ மருமகன் நிலையில் நிற்பவர். முன்னுரையில் அத்தை சிறிது பேசுகிறார். பிறகு அவர் கேட்பவராகி விடுகிறார். கடிதங்கள் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வருகின்றன. இங்கிருந்து போன மறுமொழிகள் நூலில் இடம்பெறவில்லை. தாவீது மன்னரைப் பற்றிய கடிதத்தைப் படித்தபோது தம் பாட்டனார் வீட்டு விழா எதுவும் அவருக்கு நினைவு வந்ததா? 1944ஆம் ஆண்டைப் பற்றிய கடிதம் வந்த அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது? உடனே படித்தாரா, மடித்து வைத்துவிட்டாரா? நூல் சொல்லாது. அவர் கணவர் 1997இல் வெளியிட்ட தன்வரலாறு உண்டு. அதில் மனைவி வருவது கணவரின் கண் வழியாகவே என்பது இயல்பு.

இதற்கு நேர்மாறான ஒரு நூலும் உண்டு. ஹங்கேரிப் பேரறிஞர் ஜூலியஸ் ஜெர்மானுஸ், தாகூரின் அழைப்பை ஏற்று 1929 முதல் 1932 வரை சாந்திநிகேதனில் இஸ்லாமியக் கலை பயிற்றினார். டில்லி ஜாமிஆ மஸ்ஜிதில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் கரீம் ஆனவர் அவர்தாம். அவருடன் வந்த துணைவியார் ரோஜா ஹாய்னோட்சி, தம் வங்க வாழ்வை ஒரு பெரும் நூலாக எழுதினார். ‘வங்கத்தின் நெருப்பு’ என்னும் பொருள்படும் பெயருடன் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் டாக்காவில் வெளிவந்தது. அங்கே பெண்ணே பேசுகிறார், தாராளமாகப் பேசுகிறார். ஆனால் அவர் மூன்றாண்டு விருந்தாளி. திரும்பிச் செல்ல ஊர் இருந்தவர். ஆக, மூன்றாண்டு தங்கியவர் நிரம்பப் பேசினார். எண்பதாண்டுகளுக்கு மேல் இந்நாட்டைத் தம் நாடாகக் கொண்டவர் பேசவில்லை. விருந்தாளிக்கு எல்லாம் புதுமை. ஆகவே சொல்ல வாய் எழுகிறது. குடியேறியவருக்கோ பழையதைச் சொன்னால் புதிய வீட்டார் மனம் வருந்துமோ என்னும் அச்சம். இரு நூல்களையும் ஒருசேர வைத்துப் படித்ததில் நான் கண்ட உண்மை இது.

ஓர் ஐயம் எழலாம். அவரை அகதி என்று சொல்வது தகுமா? அவர் எல்லை தாண்டி ஓடி வந்தவரல்லர், மணமாகி வந்தவர். 1956 எழுச்சியின்போது ஹங்கேரியை விட்டு வெளியேறிய ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரையே உலகம் ‘ஹங்கேரி அகதிகள்’ என்று அறியும். சொற்களை நோக்குவோம். தமிழில் ‘அகதி’ என்றால் கதியற்றவர். இல்லாமையைச் சொல்லும் சொல். அரபியில் ‘லாஜிஉ’ என்றால் புகலிடம் நாடுபவர். ‘முஹாஜிர்’ என்றால் விட்டு நீங்கியவர். அம்மையார் கதியற்றவரல்லர். ஆனால் கல்விக் கதவை மூடிய ஊரை விட்டு நீங்கியவர்; பின்னர் திரும்பிப் பார்த்தபோது அந்த ஊரே இல்லாது போயிருக்கக் கண்டவர். முதல் சொல் பொருந்தாதாயினும் மூன்றாம் சொல் முற்றும் பொருந்தும்.

முஹாஜிர் பெண் பேசிய வரலாறு நம்மிடம் உண்டு. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் பல்லாண்டு கழித்து மதீனா வந்தபோது, ஹிஜ்ரத்தில் தாங்களே முந்தியவர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். அம்மாதரசி சினந்து, தாங்கள் அந்நிய மண்ணில் பட்ட அச்சத்தையும் அல்லலையும் எடுத்துரைத்து, நாயகத்திடமே முறையிட்டார்கள். கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்துகளின் சிறப்பு உண்டு என்று தீர்ப்புக் கிடைத்தது. அதைக் கேட்பதற்காக அபிசீனியத் தோழர்கள் கூட்டம் கூட்டமாக அவர்களிடம் வந்தார்கள் என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். பெண் பேசினார், பேசியதை மறுபடி மறுபடி வந்து கேட்டனர், கேட்டதை அவர் பெயராலேயே பதிந்தனர். அகதிப் பெண்ணின் வரலாற்றுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுவே. இவ்வளவுகோலில் கில்பர்ட்டின் நூல் அன்பில் தேறுகிறது, கேட்பதில் தவறுகிறது.

நம் பக்கத்துக் கதை

இவ்வாறு எழுதிவிட்டுக் கையை வைத்துக்கொண்டு இருக்க என்னால் இயலவில்லை. ஏனெனில் அதே தவற்றை நான் செய்தவன்.

செங்கற்பட்டில் எங்கள் தெருவில் ‘பர்மா நன்னி’ என்று ஒரு மூதாட்டி இருந்தார். 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபின் இலட்சக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பியபோது, மளிகைக் கடை இழந்த தம் தமிழ்க் கணவரோடு வந்த பர்மியப் பெண்மணி. கணவருக்கு அது தாயகம் திரும்புதல், அவருக்கோ ஹிஜ்ரத். பத்தாண்டுக்குள் எங்கள் பெண்களைவிடத் திருத்தமாகத் துப்பட்டி போடவும், கந்தூரிக்கு நெய்ச்சோறு ஆக்கவும் கற்றுக்கொண்டார். தமிழ் மட்டும் கடைசி வரை சற்று மழலையாகவே இருந்தது.

ஆண்டுக்கொரு முறை தெருவார் வண்டி பிடித்துக் கோவளம் போவோம். தமீம் அன்சாரி (ரலி) அவர்களுடைய அடக்கத்தலம் என்று மக்கள் போற்றும் தர்கா அங்கே கடலோரத்தில் இருக்கிறது. மக்காவிலிருந்து வந்த அகதிகளுக்கு வீட்டைப் பங்கிட்டுக் கொடுத்த மதீனத்தார்க்கு ‘அன்சார்’ என்று பெயர். அகதியை ஏற்ற குலத்தின் பெயர் தாங்கிய ஒருவர், மக்கள் நம்பிக்கைப்படி, தாமே அயலாராய் இக்கரையில் வந்து அடங்கியிருக்கிறார். ஃபாத்திஹா ஓதியபின் எல்லாரும் மாமல்லபுரம் பார்க்கப் புறப்படுவார்கள். நன்னி மட்டும் மணலில் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார். “அந்தப் பக்கந்தானே ரங்கூன்?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். பூகோளம் படித்த செருக்கில், “வடகிழக்கு, நன்னி” என்று திருத்தினேன்.

1983இல், நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம், ரங்கூனிலிருக்கும் தம் தங்கைக்குக் கடிதம் எழுதித் தருமாறு கேட்டார். அவருக்குப் பர்மிய மொழி பேச வரும், எழுத வராது. தங்கைக்குத் தமிழ் தெரியாது. அத்தெருப் பள்ளிவாசல் இமாம் அரபு எழுத்து வாசிப்பார் என்றார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய முறை எனக்குப் பாடமாயிருந்தது. அந்த முறையிலேயே, அவர் பர்மிய மொழியில் சொல்லச் சொல்ல, இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி, இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஏழு மாதம் கழித்து அதேபோல் அரபு எழுத்தில் மறுமொழி வந்தது. நான் உரக்க வாசித்தேன். அவர் ஓரிடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் முகத்தை மூடிக்கொண்டார். “என்ன நன்னி எழுதியிருக்கிறார்கள்?” என்று நான் கேட்கவில்லை. என் உச்சரிப்பு சரியாக இருந்ததா என்றுதான் கேட்டேன்.

“இது எங்க வீட்டுல இருந்தா அடுப்புக்குப் போயிடும். உன் கிதாபுக்குள்ளே வை தம்பி” என்று அக்கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். 1991இல் அவர் மவுத்தானபோது, அவருடைய தாய் தந்தையரின் பெயரைக் கேட்டால் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில், பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே இறந்த டச்சுக்காரர்களின் பெயர்கள் கல்லில் இன்றும் வாசிக்கக் கிடக்கின்றன. எங்கள் தெருவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தவரின் தகப்பன் பெயர் கிடைக்கவில்லை.

கில்பர்ட் எழுதினார், அத்தை கேட்டார். இங்கே நன்னி சொன்னார், நான் எழுதினேன், ஆனால் கேட்கவில்லை. அவரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி? அவராவது நாற்பதாண்டு கழித்தேனும் அத்தையின் ஒரு கேள்வியைச் செவியேற்று, அதற்காகவே ஒரு நூல் எழுதினார்.

முடிவுரை

1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வடபுலத்துப் பிற ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் உடுத்த துணியோடு விரட்டப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் புதுவீடு கட்டினார்கள். நம் மொழி பேசும் நம்மவர். அந்தத் தாய்மாரில் பலர் இன்று பாட்டிமார். அவர்களைப் பற்றிய அறிக்கைகள் உண்டு, எண்ணிக்கைகள் உண்டு. நமக்கு வேண்டியது அஸ்மா (ரலி) அவர்களைச் சுற்றிக் கூடியது போன்ற கூட்டம்.

ஆகவே இந்நூலைப் படிக்கலாமா என்று கேட்போர்க்கு என் விடை: படியுங்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். படித்து முடித்தபின், கடிதத்துக்குக் கடிதம் விட்டுப்போன அந்த மறுமொழிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் மலாயாவிலிருந்தோ, பர்மாவிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ, வேற்று மொழியிலிருந்தோ வந்து சேர்ந்த மூதாட்டி இருப்பாராயின், இஷாத் தொழுகைக்குப்பின் அவரருகே உட்காருங்கள். வரலாறு கேட்க வேண்டா, பெயர்களைக் கேளுங்கள். தாயின் பெயர், தெருவின் பெயர், பக்கத்து வீட்டாரின் பெயர். மற்றவை தாமே வரும்.

அந்தக் கடிதம் இன்றும் என் ஜலாலைன் பிரதிக்குள் இருக்கிறது. எழுத்து என்னுடைய ஓதலுக்கு எட்டுகிறது, பொருள் எட்டவில்லை. சென்னையில் பர்மா பஜார் பக்கத்தில், பர்மாவில் பிறந்து அம்மொழியை மறவாத பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். வரும் வாரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். நான் வாசிக்க, அவர் பொருள் சொல்ல வேண்டும். நாற்பதாண்டு பிந்திய பாடம்தான். அல்லாஹ் அதை லேசாக்கித் தருவானாக!